கைச் சிரைகள்: அறிவதும் காப்பதும்

இரத்தம் எடுக்கும் அறையின் வாயிலில் சிறிது நேரம் அமர்ந்திருப்போர் ஒரு சொற்றொடரைத் தவறாமல் கேட்பர்: "எனக்கு நரம்பே கிடைக்காது, முன்பே சொல்லிவிடுகிறேன்." அச்சமும் வேண்டுகோளும் கலந்த இச்சொற்களில் சிறியதொரு பெயர்க் குழப்பமும் உண்டு. இரத்தம் எடுக்கப்படுவது நரம்பிலிருந்து அன்று, சிரையிலிருந்து.

தமிழில் 'நரம்பு' என்னும் சொல் நெடுங்காலமாகவே பல பொருள்களைத் தாங்கி வருகிறது. யாழின் தந்தியும் நரம்பு. இலையில் ஓடும் கோடும் நரம்பு. மெலிந்த கையில் புடைத்துத் தெரிவதும் நரம்பு. எனவே மக்கள் 'நரம்பு ஊசி' என்று வழங்குவதில் வியப்பில்லை. ஆயினும், மருத்துவத்தில் நரம்பு என்பது மூளைக்கும் உறுப்புகளுக்கும் இடையே உணர்வையும் கட்டளையையும் கொண்டு செல்லும் இழையாகும். அதனுள் இரத்தம் ஓடுவதில்லை. ஊசி அதனைத் தீண்டிவிடலாகாது என்பதே இரத்தம் எடுப்பவரின் முதற்கவலை. ஆகவே இக்கட்டுரையில் இரத்தம் ஓடும் வழியைச் சிரை என்றும், உணர்வு ஓடும் இழையை நரம்பு என்றும் பிரித்தே குறிப்பிடுவோம்.

கையின் சிரைகள் எவ்வழியே ஓடுகின்றன, அவற்றுள் ஒன்றை மட்டும் ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பவற்றை நோயாளியும் குடும்பத்தாரும் அறிந்திருப்பது நன்று. அறிந்தால் அச்சம் குறையும் என்பது ஒரு பயன். அதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. சிலருக்கு, குறிப்பாக நாட்பட்ட சிறுநீரக நோய் உள்ளோருக்கு, இன்று எந்தச் சிரையில் ஊசி ஏறுகிறது என்பது பல ஆண்டுகளுக்குப் பின் அவர்களது உயிர்காக்கும் சிகிச்சையையே பாதிக்கக்கூடும்.

தமனியும் சிரையும்

இதயத்திலிருந்து இரத்தத்தை உறுப்புகளுக்குக் கொண்டு செல்பவை தமனிகள். உறுப்புகளிலிருந்து அதனை இதயத்துக்குத் திருப்பிக் கொணர்பவை சிரைகள். தமனியின் சுவர் தடித்தது. இதயம் சுருங்குந்தோறும் எழும் அழுத்தத்தைத் தாங்க வல்லது. விரல் வைத்தால் துடிப்புத் தெரியும். மணிக்கட்டில் நாடி பார்ப்பது இத்துடிப்பைத்தான். சிரையின் சுவரோ மெல்லியது. அதில் துடிப்பில்லை, அழுத்தமும் குறைவு. விரலால் அழுத்தினால் அமுங்கும். விரலை எடுத்தால் மீண்டும் நிறையும். நாம் ஓய்வாக இருக்கும்போது உடலிலுள்ள இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிரைகளிலேயே தங்கியிருக்கிறது.

அழுத்தம் குறைவாக இருப்பதே சிரையை இரத்தம் எடுக்க ஏற்ற இடமாக்குகிறது. ஊசியை எடுத்தபின் சில நிமிடங்கள் பஞ்சால் அழுத்திப் பிடித்தாலே துளை அடைபட்டுவிடும். தமனியில் ஊசி ஏற்றினால் வலியும் மிகுதி. அழுத்திப் பிடிக்க வேண்டிய நேரமும் மிகுதி. இரத்தத்தில் கலந்துள்ள ஆக்சிஜனின் அளவை அறிதல் போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே தமனியிலிருந்து இரத்தம் எடுப்பர்.

கையின் சிரைகள் இரண்டு அடுக்குகளாக அமைந்துள்ளன. தசைகளுக்கு நடுவே தமனிகளை ஒட்டிச் செல்பவை ஆழச் சிரைகள். இவை கண்ணுக்குத் தெரியா. தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புப் படலத்தில் ஓடுபவை மேற்புறச் சிரைகள். நாம் பச்சையாகவும் நீலமாகவும் காண்பவை இவையே. இரு அடுக்குகளையும் ஆங்காங்கே சிறு கிளைச் சிரைகள் இணைக்கின்றன. அதனால் ஒரு மேற்புறச் சிரை பழுதுபட்டாலும் இரத்தம் பெரும்பாலும் வேறு வழியில் மேலேறிவிடும். கை தப்பிவிடும், ஆனால் பழுதுபட்ட அந்தச் சிரை மீண்டும் பயன்படாமற் போகலாம்.

கையின் வரைபடம்

உங்கள் கையை இடுப்புக்குக் கீழே சிறிது நேரம் தொங்கவிட்டுப் பின்னர் புறங்கையைப் பாருங்கள். விரல்களின் அடியிலிருந்து கிளம்பும் சிரைகள் ஒன்றோடொன்று கூடி ஒரு வலைபோல் அமைந்திருப்பது தெரியும். இவ்வலையே கையின் இரு பெரும் மேற்புறச் சிரைகளுக்கும் தோற்றுவாய்.

வலையின் கட்டைவிரல் பக்கத்திலிருந்து புறப்படுவது 'செஃபாலிக்' எனப்படும் சிரை. இதனை வெளிச்சிரை என்று கொள்வோம். இது மணிக்கட்டில் கட்டைவிரலின் அடிப்பகுதியை ஒட்டி எழுந்து, முன்கையின் வெளிப்புறமாக முழங்கையை அடைகிறது. அங்கிருந்து மேற்கையின் முன்தசைக்கு வெளியோரமாக ஏறித் தோளுக்கும் மார்புக்கும் இடையிலுள்ள பள்ளத்தின் வழியே சென்று, காறை எலும்பின் அடியில் ஆழ்ந்து அக்குள் சிரையில் கலக்கிறது. நெடுந்தொலைவு தோலுக்கு அருகிலேயே ஓடுவது இதன் சிறப்பு. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதைப் பற்றியே மிகுதியும் பேசப் போகிறோம்.

சுண்டுவிரல் பக்கத்திலிருந்து புறப்படுவது 'பசிலிக்' எனப்படும் உட்சிரை. இது முன்கையின் உட்புறமாக ஏறி, மேற்கையின் நடுப்பகுதியில் திசுப்படலத்தைத் துளைத்துக்கொண்டு ஆழத்துக்குச் சென்றுவிடுகிறது. பின்னர் அங்குள்ள ஆழச் சிரைகளோடு சேர்ந்து அக்குள் சிரையாகிறது.

இவ்விரண்டையும் முழங்கை மடிப்பின் முன்புறத்தில் சாய்வாக இணைக்கும் ஒரு பாலம் உண்டு. 'மீடியன் கியூபிட்டல்' எனப்படும் அதனை முழங்கை நடுச்சிரை எனலாம். உலகெங்கும் இரத்தப் பரிசோதனைக்கு முதலில் தேடப்படும் சிரை இதுவே.

இவ்வமைப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலருக்கு மூன்று சிரைகளும் ஆங்கில 'எச்' எழுத்தைப்போல் அமைந்திருக்கும். வேறு சிலருக்கு முன்கையின் நடுவே ஏறிவரும் ஒரு சிரை முழங்கையில் இரண்டாகப் பிரிந்து 'எம்' எழுத்தைப்போல் தோன்றும். ஒருவரின் வலக்கையும் இடக்கையுமே வேறுபடுவதுண்டு. ஆதலால், பணியாளர் ஒரு கையைப் பார்த்துவிட்டு மறு கையையும் நீட்டச் சொன்னால், அது தடுமாற்றம் அன்று, முறையான தேர்வு.

நானூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு சோதனை

மேற்கையில் பட்டை கட்டினால் சிரைகள் புடைப்பது ஏன்? இன்று எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்குச் சரியான விடை 17ஆம் நூற்றாண்டில்தான் கிடைத்தது. இத்தாலியின் பதுவா நகரப் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு கற்பித்த ஃபாப்ரிசியஸ், சிரைகளுக்குள் சிறு வால்வுகள் இருப்பதை விளக்கி 1603இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆனால் அவற்றின் பணி யாது என்பதை அவர் சரியாக உணரவில்லை. அவரிடம் பயின்ற ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, 1628இல் வெளியிட்ட நூலில் அதனை மெய்ப்பித்தார். அதற்கு அவர் கையாண்ட கருவிகள் ஒரு துணிக்கட்டும் இரண்டு விரல்களுமே.

இச்சோதனையை நீங்களும் செய்து பார்க்கலாம். முன்கையில் நன்கு தெரியும், கிளையில்லாத ஒரு சிரையின் மேல் ஒரு விரலை வைத்து அழுத்துங்கள். மற்றொரு விரலால் அவ்விடத்திலிருந்து முழங்கையை நோக்கி இரத்தத்தைத் தள்ளிவிட்டு, அந்த விரலை எடுத்துவிடுங்கள். இரத்தம் மேலிருந்து ஒரு வால்வு வரை மட்டுமே திரும்பி வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே சிரை வெறுமையாகவே கிடக்கும். இப்போது முதல் விரலை எடுத்தால், கீழிருந்து இரத்தம் சட்டென்று ஏறி நிறையும். சிரையில் இரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே செல்கிறது. வால்வுகள் அதனைத் திரும்பவிடுவதில்லை.

இரத்தம் எடுக்கக் கட்டும் பட்டையின் பயன் இதனால் விளங்கும். தமனி வழியே கைக்கு வரும் இரத்தம் தடைபடாமல், சிரை வழியே திரும்பும் இரத்தம் மட்டும் தடைபடும் அளவுக்கே பட்டையை இறுக்குவர். உள்ளே வருவது வந்துகொண்டிருக்க, வெளியேறும் வழி மட்டும் அடைபடுவதால் சிரை நிறைந்து புடைக்கிறது. பட்டை கட்டியபின்னும் மணிக்கட்டில் நாடித் துடிப்பு இருத்தல் வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் சிரை சிறு முடிச்சுப்போல் தடித்துத் தோன்றும்; தேர்ந்த பணியாளர் அவ்விடத்தைத் தவிர்ப்பார்.

முழங்கை மடிப்பை ஏன் நாடுகின்றனர்?

முழங்கை நடுச்சிரை அகலமானது. தோலுக்கு அருகில் உள்ளது. அடியிலுள்ள திசுக்களோடு ஒட்டி நிற்பதால் ஊசி பட்டதும் நழுவுவதில்லை. அங்குள்ள தோலில் வலியும் ஒப்பளவில் குறைவு. இவற்றோடு மற்றொரு பாதுகாப்பும் உண்டு. மேற்கையின் முன்தசையிலிருந்து கிளம்பும் உறுதியான திசுப்பட்டை ஒன்று இச்சிரைக்கு அடியில் விரிந்து கிடக்கிறது. அப்பட்டைக்குக் கீழேதான் மேற்கையின் பெருந்தமனியும், கையின் பெருநரம்புகளுள் ஒன்றாகிய 'மீடியன்' நரம்பும் செல்கின்றன. சிரைக்கும் அவற்றுக்கும் நடுவே இயற்கை ஒரு தட்டு வைத்தாற்போன்ற அமைப்பு இது.

முழங்கை நடுச்சிரை புலப்படாவிட்டால் அடுத்து நாடுவது வெளிச்சிரையை. உட்சிரை சிலருக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் அதனைக் கடைசியாகவே தேர்ந்தெடுப்பர். அது எளிதில் உருளும். முன்கைக்கு உணர்வு தரும் தோல் நரம்பு அதனை ஒட்டியே செல்கிறது. பெருந்தமனியும் அண்மையில் உள்ளது. "இதோ பெரிதாகத் தெரிகிறதே, இதில் எடுக்கலாமே" என்று நாம் சுட்டும் சிரையைப் பணியாளர் விட்டுவிட்டு, கண்ணுக்கே தெரியாத ஒன்றை விரலால் தடவித் தேடுவதன் காரணம் இதுவே. நல்ல சிரையைக் கண்ணைவிட விரல்தான் நன்றாக அறியும்.

மணிக்கட்டின் உட்புறத்தில், அதாவது நாடி பார்க்கும் பக்கத்தில், தெரியும் சிறு சிரைகளில் ஊசி ஏற்றுவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. நரம்புகளும் தசைநாண்களும் தமனிகளும் அங்கே மிக நெருங்கி அமைந்துள்ளன.

இரத்தம் எடுக்கும்போது நடப்பவை

முதலில், "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்பர். பெயர் சீட்டிலேயே இருக்க மீண்டும் கேட்பது ஏன் என்று சலிப்படைய வேண்டா. ஒருவருடைய இரத்தம் மற்றொருவர் பெயரில் சென்றுவிடாமல் காக்கும் முதல் வேலி அது. முழுப்பெயரை நீங்களே சொல்லுங்கள். குழாய்களில் பெயர்ச்சீட்டு உங்கள் முன்னிலையிலேயே ஒட்டப்படுகிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, ஊசி ஏறும் இடத்துக்கு நான்கைந்து விரற்கடை மேலே பட்டை கட்டுவர். நீண்ட நேரம் கட்டி வைத்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி சிரையை விட்டுக் கசியும். புரதம், கால்சியம் முதலியவற்றின் அளவு மெய்யான அளவைவிடக் கூடுதலாகத் தெரியும். எனவே ஒரு நிமிடத்துக்குள் பட்டையைத் தளர்த்துவதே நல்ல முறை. கைவிரல்களை ஒருமுறை மென்மையாக மடக்கிப் பிடித்தால் போதும். பலமுறை மூடித் திறந்தால் தசைகளிலிருந்து பொட்டாசியம் வெளிவந்து பரிசோதனை முடிவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். சிறுநீரக நோயாளிக்கு இப்பொய்யான உயர்வு வீண் பதற்றத்தையும் தேவையற்ற சிகிச்சையையும் கொண்டுவரலாம்.

தோலை 70 விழுக்காடு ஆல்கஹால் தோய்ந்த பஞ்சால் துடைத்து, உலரும்வரை காத்திருப்பர். ஈரம் உலர்ந்தால்தான் கிருமிகள் முழுமையாக அழியும், எரிச்சலும் குறையும். துடைத்தபின் அவ்விடத்தை விரலால் மீண்டும் தொடலாகாது. தொட நேர்ந்தால் மறுபடி துடைக்க வேண்டும். நீங்களும் சுட்டிக்காட்டுவதற்காக அவ்விடத்தைத் தொட வேண்டா.

ஊசி, தோலுக்கு 30 பாகைக்கு மிகாத சாய்வில் நுழைக்கப்படும். பரிசோதனைக்குப் பெரிதும் பயன்படும் 21 எண் ஊசியின் தடிமன் ஏறத்தாழ 0.8 மி.மீ. மட்டுமே. நுழையும் கணத்தில் குத்துவலி இயல்பு. ஆனால் மின்சாரம் பாய்ந்தாற்போல் விரல்வரை ஓடும் கூர்வலி இயல்பன்று. ஊசி நரம்பைத் தீண்டியிருக்கலாம் என்பதற்கு அது அறிகுறி. பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். ஊசியை அப்போதே எடுத்துவிட வேண்டும்.

குழாய்களின் மூடிகள் பல நிறங்களில் இருப்பதைப் பலரும் கவனித்திருப்பீர்கள். ஊதா மூடிக் குழாயில் இரத்த அணுக்களை எண்ணுவதற்கும், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியை அறிவதற்கும் இரத்தம் எடுப்பர். நீல மூடி, இரத்தம் உறையும் நேரத்தை அறிவதற்கு. சாம்பல் மூடி, சர்க்கரை அளவுக்கு. சிவப்பு அல்லது மஞ்சள் மூடி, சிறுநீரகம், கல்லீரல் முதலியவற்றின் பரிசோதனைகளுக்கு. ஒவ்வொன்றினுள்ளும் வெவ்வேறு வேதிப்பொருள் இருப்பதால் நிரப்பும் வரிசையும் முக்கியம். ஊதா மூடிக் குழாயிலுள்ள பொட்டாசியம் உப்பு அடுத்த குழாயில் சிறிதளவு கலந்தாலும் பொட்டாசியம் கூடியும் கால்சியம் குறைந்தும் தோன்றும். நீல மூடிக் குழாயில் குறித்த கோடு வரை இரத்தம் நிரம்பாவிட்டால் முடிவு பிழைபடும். இன்னொரு முறை ஊசி ஏற்ற நேர்வது சில வேளைகளில் இதனாலேயே.

"இவ்வளவு இரத்தம் எடுக்கிறார்களே" என்ற கவலையும் பலருக்கு உண்டு. மூன்று குழாய்களும் சேர்ந்து ஏறத்தாழ 10 மி.லி.தான், இரண்டு தேக்கரண்டி அளவு. வளர்ந்த ஒருவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் உள்ளது. இரத்த தானத்தில் எடுக்கப்படுவதோ 350 அல்லது 450 மி.லி.

சிரை புலப்படாதபோது

சிரை ஒளிந்துகொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் இருக்கும். உடலில் நீர் குறைந்தால் சிரை தளரும். குளிரிலும் அச்சத்திலும் சிரையின் சுவர் சுருங்கும். முதியோர்க்குச் சிரை தெரிந்தாலும் தாங்கும் திசு மெலிந்திருப்பதால் உருளும். அடிக்கடி ஊசி ஏற்றப்பட்ட சிரையோ தழும்பேறிக் கயிறுபோல் கெட்டியாகிவிடும்.

இவற்றுள் சிலவற்றை நம்மால் மாற்ற இயலும். வெறும் வயிற்றுடன் வரச் சொல்லும் பரிசோதனைகளுக்கும், மருத்துவர் வேறு விதமாகச் சொல்லாதவரை, வெறும் தண்ணீர் அருந்தலாம். நீரின் அளவு வரையறுக்கப்பட்ட சிறுநீரக, இதய நோயாளிகள் தங்கள் அளவை மீறாமல் இருக்க வேண்டும். குளிரூட்டிய அறையில் காத்திருக்கும்போது கையைப் போர்த்தி வெதுவெதுப்பாக வைத்திருங்கள். முறை வருவதற்குச் சற்று முன் கையைத் தொங்கவிட்டிருங்கள். முன்பு எந்த இடத்தில் எளிதாகக் கிடைத்தது என்பதைச் சொல்லுங்கள். ஊசியைக் கண்டு மயங்கிய அனுபவம் உண்டெனில் வெட்கமின்றிக் கூறுங்கள். படுக்க வைத்தே எடுக்கலாம்.

இரு முயற்சிகள் பயனளிக்காவிடில், மற்றொருவரை அழைக்குமாறு பணிவுடன் கேட்பதில் தவறில்லை. அது ஒருவரைக் குறை கூறுவதாகாது.

எடுத்தபின்

பஞ்சை வைத்துக் கையை மடக்கிக்கொள்வது நம்மிடையே பரவியுள்ள வழக்கம். அதனைக் கைவிடுவது நன்று. மடக்கிய கையில் பஞ்சு துளையின் மேல் நேராக அழுந்துவதில்லை. கையை நீட்டும்போது துளை திறந்து, தோலடியில் இரத்தம் கட்டிக்கொள்ளும். கையை நீட்டி, சிறிது உயர்த்தி, மறு கை விரல்களால் 3 முதல் 5 நிமிடம் வரை தேய்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்வோர் அதனினும் கூடுதலாக அழுத்த வேண்டும். அன்றைக்குச் சில மணி நேரம் அக்கையால் நீர்க்குடம் முதலிய பளுவைத் தூக்க வேண்டா.

சிறிய நீலத் தழும்பு ஓரிரு வாரங்களில் மறையும். வீக்கம் பெருகிக்கொண்டே சென்றாலும், விரல்களில் மரமரப்பு நீடித்தாலும், சிரை ஓடும் வழியில் சிவப்பும் சூடும் வலியும் தோன்றினாலும், காய்ச்சல் கண்டாலும் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும்.

காக்க வேண்டிய கைகள்

இதுவரை கூறியவை எல்லோருக்கும் பொது. இனிக் கூறுவது சிலருக்கே உரியது. ஆயினும் அவர்களுக்கு இக்கட்டுரையில் இதுவே இன்றியமையாதது.

சிறுநீரகங்கள் செயலிழந்தால் இரத்தத்தை வெளியே எடுத்து, தூய்மைப்படுத்தி, மீண்டும் உடலுக்குள் செலுத்த வேண்டும். இதுவே ஹீமோடயாலிசிஸ். இதற்கு நிமிடத்துக்கு 300 மி.லி. அளவிலான இரத்தம் தடையின்றி வந்துகொண்டிருக்க வேண்டும். இயல்பான கைச்சிரையால் அவ்வளவு தர இயலாது. தமனியால் தர இயலும்; ஆனால் வாரம் மும்முறை தமனியைக் குத்திக்கொண்டிருக்க முடியாது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஸ்கிரிப்னரும் அவர் குழுவினரும் தமனியையும் சிரையையும் உடலுக்கு வெளியே ஒரு குழாயால் இணைத்தனர். நீண்டகால டயாலிசிஸுக்கு அது வழிதிறந்தது. ஆனால் குழாயில் இரத்தம் உறைவதும் கிருமி தொற்றுவதும் தொல்லையாயின.

நியூயார்க்கில் பிராங்க்ஸ் பகுதியின் முன்னாள் படைவீரர் மருத்துவமனையைச் சேர்ந்த பிரெஷியா, சிமினோ, ஆப்பெல், ஹர்விச் ஆகியோர் 1966இல் வேறொரு வழியை வெளியிட்டனர். மணிக்கட்டில் நாடி பார்க்கும் தமனியை, அருகே ஓடும் வெளிச்சிரையோடு தோலுக்கு அடியிலேயே அறுவைமுறையில் இணைப்பதே அவ்வழி. தமனியின் இரத்தம் பெருகிப் பாய்வதால், மெல்லிய சிரை வாரக்கணக்கில் மெதுவாக விரிந்து சுவர் தடிக்கிறது. பின்னர் அதில் ஒவ்வொரு டயாலிசிஸின்போதும் இரண்டு பெரிய ஊசிகளை ஏற்றலாம். அவற்றின் தடிமன் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. அல்லது அதற்கும் மேல். பரிசோதனை ஊசியைப்போல் இருமடங்கு. இவ்விணைப்பே 'ஃபிஸ்டுலா'. இன்றும், அமைக்க ஏற்ற சிரை உள்ளவர்களுக்கு, இதுவே சிறந்த வழிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. கழுத்திலோ மார்பிலோ பொருத்தும் குழாயைவிட இதில் தொற்று குறைவு.

ஃபிஸ்டுலா அமைக்கப் பழுதில்லாத சிரை வேண்டும். நினைவில் வைக்கச் சொன்ன வெளிச்சிரைதான் அதற்கு முதல் தேர்வு. மணிக்கட்டில் இயலாவிட்டால் முழங்கையில் அச்சிரையைக் கொண்டே அமைப்பர். அதுவும் இயலாவிட்டால் உட்சிரையை நாடுவர். பல ஆண்டுகளாக ஊசியும் கானுலாவும் ஏறி ஏறி இச்சிரைகள் தழும்பேறியிருந்தால், டயாலிசிஸ் தேவைப்படும் நாளில் அறுவை மருத்துவருக்கு இணைப்பதற்கு ஏதுமிராது.

எனவே, மற்றவர்களுக்கு முதல் தேர்வாகிய முழங்கை மடிப்பு, நாட்பட்ட சிறுநீரக நோயாளிக்குத் தவிர்க்க வேண்டிய இடமாகிறது. நோய் மூன்றாம் நிலையை எட்டியது முதலே, இரு கைகளிலும் முன்கைச் சிரைகளையும் மேற்கைச் சிரைகளையும் விட்டுவைத்து, இயன்றவரை புறங்கைச் சிரைகளிலிருந்தே இரத்தம் எடுக்க வேண்டும். கானுலாவும் அங்கேயே பொருத்த வேண்டும். புறங்கையில் வலி சற்றுக் கூடுதல்தான். அவ்வலியை ஏற்பது, உயிர்வழி ஒன்றைச் சேமித்து வைப்பதற்கு ஒப்பாகும். மேற்கைச் சிரை வழியே மார்புவரை செலுத்தும் நீண்ட குழாயைப் பொருத்துமுன், சிறுநீரக மருத்துவரின் கருத்தைக் கேட்குமாறு வேண்டுங்கள். மாற்றுச் சிறுநீரகம் பெற்றோரும் இதே காப்பைத் தொடர வேண்டும்.

ஃபிஸ்டுலா அமைந்தபின் அக்கையில் இரத்தம் எடுக்கவோ, இரத்த அழுத்தம் அளக்கவோ கூடாது; இறுகிய வளையலோ கைக்கடிகாரமோ அணியலாகாது; அக்கையைத் தலைக்கு அடியில் வைத்துத் துயிலவும் கூடாது. நாள்தோறும் விரல் வைத்து அதன் அதிர்வை உணர்ந்து பாருங்கள். அதிர்வு நின்றுவிட்டால் மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமுமே நாட்பட்ட சிறுநீரக நோய்க்குத் தலையாய காரணங்கள். இந்நோய் உடையோர் தம் கிரியேட்டினின் அளவையும், சிறுநீரகம் எந்நிலையில் உள்ளது என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிவது நன்று. சிரைகளைக் காக்கத் தொடங்க வேண்டிய காலம், பெரும்பாலும் நோயாளி தம்மை நலமுடையவர் என்று கருதியிருக்கும் காலமே.

வேறு சிலருக்கும் கையைத் தேர்வதில் கவனம் வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குள் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்டவர்கள், மருத்துவர் வேறு விதமாகக் கூறாதவரை, மறு கையையே நீட்ட வேண்டும். ஒரு கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்தால், இரத்தத்தை மறு கையிலிருந்து எடுப்பதே முறை. இல்லாவிடில் ஏறும் நீர்மம் கலந்து முடிவு திரிந்துவிடும்.

சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம்

இரத்தம் எடுப்பவர் உங்கள் நோய்க்குறிப்பு முழுவதையும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. வேறோர் ஊரிலுள்ள ஆய்வகத்திலோ, வீட்டுக்கு வந்து இரத்தம் எடுப்பவரிடமோ உங்கள் குறிப்பேடே இருக்காது. ஆதலால் கையை நீட்டுமுன் நோயாளியோ உடன் வந்தவரோ சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "எனக்குச் சிறுநீரக நோய் உள்ளது, சிரைகளைக் காக்கச் சொல்லியிருக்கிறார்கள், புறங்கையில் எடுங்கள்." மறந்துவிடுவோம் எனில் ஒரு சீட்டில் எழுதிப் பரிசோதனைக் கோப்பின் முதற்பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். நினைவு தளர்ந்த முதியோருக்காகக் குடும்பத்தாரே இதனைச் சொல்ல வேண்டும்.

உயிருக்கு ஆபத்தான வேளையில் கிடைத்த சிரையில் ஊசி ஏற்ற நேரும். அப்போது தடுக்க வேண்டா. மற்ற நாள்களில், இரத்தம் எடுப்பவர் பட்டையைக் கட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.